ஐரோப்பியப் பள்ளிகளில் ஜனநாயகக் கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோர் கேட்கும் கேள்விகள், ஊரில் ஆசிரியராக இருக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள், இரண்டையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஜெர்மனியில் வசிப்பதால் ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

இது நாம் படித்த குடிமையியல்தானே? இதில் புதிதாக என்ன இருக்கிறது?

நாடாளுமன்றத்தில் எத்தனை அவைகள், சட்டம் எப்படி இயற்றப்படுகிறது, அடிப்படை உரிமைகள் எவை என்பதெல்லாம் இங்கேயும் பாடத்தில் உண்டு. தேர்வும் உண்டு. ஆனால் அதோடு முடிவதில்லை. ஐரோப்பிய மன்றம் 2010 மே மாதம் ஏற்றுக்கொண்ட ஜனநாயகக் குடிமைக் கல்விச் சாசனம், மாணவர் தம் உரிமைகளைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, அவற்றைப் பயன்படுத்தவும் காப்பாற்றவும் பழக வேண்டும் என்கிறது. 2018இல் அதே மன்றம் ஒரு ஜனநாயகக் குடிமகனுக்கு வேண்டிய 20 திறன்களைத் தொகுத்து வெளியிட்டது. அந்த இருபதில் அறிவு என்ற பிரிவில் வருபவை மூன்றே. மற்றவர் பேசும்போது கவனித்துக் கேட்பது, சேர்ந்து வேலை செய்வது, தகராறு வந்தால் தீர்த்துக்கொள்வது, ஒரு கேள்விக்கு உடனே தெளிவான விடை கிடைக்காதபோதும் பதறாமல் இருப்பது போன்றவைதான் மீதியில் பல. இவற்றை மனப்பாடம் செய்ய முடியாது. செய்துதான் பழக வேண்டும்.

ஆகவே ஒரு பள்ளியில் ஜனநாயகக் கல்வி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நான் பாடப்புத்தகத்தைப் புரட்டுவதில்லை. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் எடுத்த முடிவு எதையாவது பெரியவர்கள் அப்படியே நிறைவேற்றியிருக்கிறார்களா என்று விசாரிப்பேன்.

ஐரோப்பிய மன்றமும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றா?

இல்லை. ஐரோப்பிய மன்றம் 1949இல் தொடங்கியது. தலைமையகம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில். மனித உரிமை, ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி ஆகியவையே அதன் வேலை. 2022இல் ரஷ்யா வெளியேற்றப்பட்ட பிறகு 46 நாடுகள் உறுப்பினர். நார்வே, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் மூன்றும் அதில் உண்டு. ஒன்றியம் 27 நாடுகளின் கூட்டு. பாடத்திட்டத்தை இரண்டுமே விதிக்க முடியாது. அது அந்தந்த நாட்டின் அதிகாரம், ஜெர்மனியில் என்றால் அந்தந்த மாநிலத்தின் அதிகாரம். மேலே சொன்ன சாசனமும் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதனால்தான் நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசம்.

ஜெர்மனி இதில் ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறது?

1919இல் எழுதப்பட்ட வைமார் அரசியல் சட்டம் பெண்களுக்கும் வாக்குரிமை தந்த, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கொண்ட நல்ல சட்டம். பதினான்கு ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சட்டப் புத்தகம் தானாக யாரையும் காப்பாற்றாது என்ற பாடம் அந்த நாட்டுக்குப் பெரும் விலையில் கிடைத்தது. போருக்குப் பிறகு, 1952இல், குடிமக்களுக்கு அரசியல் கற்பிப்பதற்கென்றே கூட்டாட்சி அரசு ஒரு மையத்தை நிறுவியது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அந்த மையம் இன்றும் இருக்கிறது. தரமான வரலாற்று, அரசியல் நூல்களை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறது; பல வெளியீடுகள் இலவசம்.

அந்த மையத்தின் 'வால்-ஓ-மாட்' என்ற இணையச் சேவையைத் தேர்தல் சமயத்தில் பார்த்திருப்பீர்கள். 2002இல் வந்தது. 38 கூற்றுகளைத் தரும். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, நடுநிலை என்று சொல்லிக்கொண்டே போனால், எந்தக் கட்சியின் நிலைப்பாடு உங்களுக்கு நெருக்கமாக வருகிறது என்று காட்டும். கூற்றுகளைத் தயாரிக்கும் குழுவில் இளம் வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 2019 ஐரோப்பியத் தேர்தலின்போது, ஒரே நேரத்தில் எட்டுக் கட்சிகளை மட்டுமே ஒப்பிட முடிகிறது, இது சிறிய கட்சிகளுக்குப் பாதகம் என்று வோல்ட் என்ற சிறிய கட்சி வழக்குப் போட்டது. கொலோன் நீதிமன்றம் சேவையை நிறுத்தச் சொன்னது. சில நாள்களில் சமரசம் ஏற்பட்டு மறுபடியும் இயங்கியது. அரசு மையமே ஆனாலும் நடுநிலை தவறினால் நீதிமன்றம் தட்டிக்கேட்கும் என்பதை மாணவர்கள் நேரிலேயே பார்த்தார்கள்.

ஆசிரியர் தன் கட்சிக் கருத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றமாட்டாரா?

பெற்றோர் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான். ஜெர்மனி இதற்கு 1976இலேயே ஒரு விடை கண்டுவிட்டது. அப்போது பள்ளிப் பாடத்திட்டம் தொடர்பாக இடதுசாரிகளுக்கும் வலதுசாரிகளுக்கும் கடும் சண்டை. இரு தரப்புக் கல்வியாளர்களையும் ஷ்டுட்கார்ட் பக்கத்திலுள்ள பாய்டெல்ஸ்பாக் என்ற ஊருக்கு வரவழைத்து உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். அங்கே கையெழுத்தும் இல்லை, தீர்மானமும் இல்லை. பேசியதில் இரு தரப்பும் மறுக்காத விஷயங்களை ஹான்ஸ்-கேயோர்க் வேலிங் என்பவர் பிறகு எழுதிவைத்தார். 'பாய்டெல்ஸ்பாக் உடன்பாடு' என்று இன்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தருவது அந்தக் குறிப்பைத்தான்.

மூன்றே விதிகள். ஒன்று, ஆசிரியர் தன் கருத்தைக் கொண்டு மாணவனை அமுக்கக் கூடாது. அவனாகவே முடிவுக்கு வர இடம் விட வேண்டும். இரண்டு, அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். மூன்று, அரசியல் நிலவரத்தில் தன் நலன் எங்கே இருக்கிறது என்று மாணவன் அறியவும், அதற்காகச் செயல்படவும் அவனுக்குத் திறமை வர வேண்டும்.

மூன்றாவது விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு கிடங்குத் தொழிலாளியின் மகன் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைப் படிக்கும்போது, அது தன் வீட்டுச் சம்பளத்தைப் பற்றிய சட்டம் என்று அவனுக்கு உறைக்க வேண்டும். அப்படி உறைக்காவிட்டால் முதல் இரண்டு விதிகளைக் காப்பாற்றியும் அவனுக்கு அந்தப் பாடத்தால் பயனில்லை.

அப்படியானால் ஆசிரியர் எதிலும் கருத்துச் சொல்லாமல் வாய்மூடி இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 2018இல் ஹாம்பர்க்கில் தீவிர வலதுசாரி ஏஎஃப்டி கட்சி, நடுநிலை தவறும் ஆசிரியர்களைப் பற்றிப் புகார் தர ஓர் இணையதளம் திறந்தது. ஆசிரியர்களிடையே அச்சம் எழுந்தது. பலத்த எதிர்ப்பும் கிளம்பியது. வரி எவ்வளவு, அணுமின் வேண்டுமா, அகதிக் கொள்கை எப்படி இருக்க வேண்டும் என்பவை சர்ச்சைகள். பல பக்கங்களையும் காட்டத்தான் வேண்டும். 'மனிதனின் மாண்பு மீறப்படக் கூடாதது' என்பது ஜெர்மன் அடிப்படைச் சட்டத்தின் முதல் வாக்கியம்; அது சர்ச்சையில் சேராது. வகுப்பில் ஒரு பிள்ளையை நிறத்துக்காக இழிவாகப் பேசினால், ஆசிரியர் 'இருபக்கக் கருத்து' என்று ஒதுங்கி நிற்க எந்த விதியும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்கு அப்படி நேர்ந்து, ஆசிரியர் நடுநிலையைக் காரணம் காட்டினால், இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளியில் தேர்தல் நடத்துகிறார்களாமே, அது வெறும் விளையாட்டா?

ஜெர்மனியில் 1999இலிருந்து 'யூனியோர்வால்' என்ற மாதிரித் தேர்தல் நடக்கிறது. மாணவர்களே வாக்காளர் பட்டியல் தயாரித்து, வாக்காளர் அழைப்பு அட்டை கொடுத்து, மறைப்புக்குள் வாக்களிக்க வைத்து, எண்ணுகிறார்கள். உண்மைக் கட்சிகள்தான் போட்டியில். நாட்டில் வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடியும்வரை முடிவை வெளியிடுவதில்லை.

நார்வே இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே 1989இலிருந்து மேல்நிலைப் பள்ளிகளில் நாடு முழுவதும் பள்ளித் தேர்தல் நடக்கிறது. வாக்களிப்பதற்கு முன் கட்சிகளின் இளைஞர் அணியினர் பள்ளிக்கே வந்து மேடையில் விவாதிப்பார்கள். கீழே மேசை போட்டு உட்கார்ந்து மாணவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். 17 வயதுப் பெண் ஒருத்தி, தன்னைவிட மூன்று வயது மூத்த கட்சிக்காரரிடம் "பேருந்துக் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொல்கிறீர்கள், பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்பாள், அவர் சமாளிப்பார், இவள் விடமாட்டாள். நாட்டுத் தேர்தலுக்கு முன்பே இந்த முடிவு வெளியாகிவிடும். தொலைக்காட்சியில் அரசியல் விமர்சகர்கள் அதை அலசுவார்கள். அதனால் மாணவர்களும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

நார்வே என்றதும் ஊட்டோயா நினைவு வருகிறது.

வரத்தான் வேண்டும். 2011 ஜூலை 22 அன்று ஊட்டோயா தீவில் தொழிலாளர் கட்சி இளைஞர் அணியின் கோடை முகாமில் 69 பேரை ஒரு வலதுசாரிப் பயங்கரவாதி கொன்றான். பெரும்பாலோர் பதின்பருவத்தினர். அரசியல் பேசவும் பழகவும் வந்த பிள்ளைகள் என்பதற்காகவே அவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொன்றான். யாழ்ப்பாணத்தில் பிறந்து நார்வேயில் வளர்ந்த கம்சாயினி குணரத்தினம் அன்று அந்தத் தீவில் இருந்தவர். நீந்தி உயிர் தப்பினார். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

தீவை மூடிவிடவில்லை. சுடப்பட்ட உணவகக் கட்டடத்தின் ஒரு பகுதியை அப்படியே வைத்து, அதைச் சுற்றி 2016இல் ஒரு காப்பு மண்டபம் எழுப்பினார்கள். கூரையை 69 தூண்கள் தாங்குகின்றன. வெளியே உயிர் தப்பிய 495 பேருக்காக 495 மரக் கம்பங்கள். இன்று பள்ளி மாணவர்கள் அங்கே போய்த் தங்கி, ஜனநாயகம், வெறுப்புப் பேச்சு, மனித உரிமை பற்றிப் பயிற்சி பெறுகிறார்கள். திரும்பி வந்து தம் பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள்.

உண்மையான முடிவைப் பிள்ளைகள் கையில் கொடுத்த நாடு உண்டா?

போர்ச்சுகலைச் சொல்வேன். 2017இல் அரசு பள்ளிகளில் 'பங்கேற்பு வரவு செலவு' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 7ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, தலைக்கு ஒரு யூரோ வீதம் பள்ளிக்குப் பணம் வரும். சிறிய பள்ளியானாலும் 500 யூரோவுக்குக் குறையாது. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று மாணவர்களே முடிவு செய்ய வேண்டும். யோசனை வைத்திருப்பவர் சக மாணவர்களில் 5 சதவீதம் பேரின் ஆதரவைத் திரட்ட வேண்டும். பிறகு பிரசாரம். மாணவர் தினமான மார்ச் 24ஐ ஒட்டி வாக்கெடுப்பு. வென்ற யோசனையை அந்த ஆண்டுக்குள் பள்ளி நிறைவேற்றியாக வேண்டும்.

800 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 800 யூரோ. பெரிய தொகை இல்லை. மேசைப்பந்து மேசை வாங்கலாம், முற்றத்தில் சில இருக்கைகள் போடலாம். ஆனால் 13 வயதில் ஒரு பிள்ளை விலை விசாரித்து, நண்பர்களிடம் கையெழுத்து வாங்கி, தோற்றால் அடுத்தவர் யோசனை நிறைவேறுவதைப் பார்த்து, வென்றால் தான் சொன்னது முற்றத்தில் வந்து நிற்பதைப் பார்க்கிறது. நான் அறிந்தவரையில் குறைந்த செலவில் இவ்வளவு கற்றுக்கொடுக்கும் திட்டம் வேறில்லை.

16 வயதில் வாக்குரிமை கொடுப்பது சரியா?

சரி என்பதே என் கருத்து. ஆஸ்திரியா 2007இல் எல்லாத் தேர்தல்களுக்கும் வாக்குரிமை வயதை 16 ஆக்கியது. வியன்னா, கிரெம்ஸ் நகரங்களின் வாக்காளர் பட்டியலை வைத்துச் செய்த ஆய்வில், 16, 17 வயதினர் 18 முதல் 20 வயது வரையுள்ளவர்களைவிட அதிகமாக வாக்களித்தது தெரிந்தது. காரணம் எளிது. 16 வயதில் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது. பேச ஆள் உண்டு, நினைவூட்ட ஆள் உண்டு. 19 வயதில் படிக்கவோ வேலைக்கோ வேறு ஊருக்குப் போய்விடுகிறது. மால்டா 2018இல் 16 ஆக்கியது. ஸ்காட்லாந்தில் 2014 சுதந்திர வாக்கெடுப்பில் 16 வயதினர் வாக்களித்தனர். அங்கே ஸ்காட்லாந்து நாடாளுமன்ற, உள்ளாட்சித் தேர்தல்களிலும் இப்போது அதே வயது. 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியும் பெல்ஜியமும் 16 வயதினரை வாக்களிக்க விட்டன.

ஆனால் இளைஞர்கள் தீவிரக் கட்சிகளுக்கு வாக்களிக்கிறார்களே, கல்வி தோற்றுவிட்டதா?

2024 ஐரோப்பியத் தேர்தலில் ஜெர்மன் இளைஞரிடையே ஏஎஃப்டிக்கு ஆதரவு ஏறியபோது இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் கேட்டது. எட்டே மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், யூனியோர்வாலில் இடதுசாரி டி லிங்கே முதலிடம் பிடித்தது. இளையோர் மனம் எந்த அளவுக்கு ஆடுகிறது பாருங்கள்.

எந்தக் கட்சிக்கு வாக்கு விழுகிறது என்பதை வைத்துப் பள்ளிக்கு மதிப்பெண் போட முடியாது. அப்படிப் போட்டால் பாய்டெல்ஸ்பாக்கின் முதல் விதியையே மீறியவர்களாவோம். கவலைப்பட வேறு காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவரின் குடிமை அறிவை அளக்கும் ஐசிசிஎஸ் என்ற சர்வதேச ஆய்வு 2016க்கும் 2022க்கும் இடையில் சராசரி அறிவு குறைந்திருப்பதைக் காட்டியது. அதைவிட எனக்கு உறுத்துவது, வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இடையிலான பெரிய இடைவெளி. யாருக்கு அரசியல் குரல் மிகவும் தேவையோ அவர்களுக்கே இந்தக் கல்வி குறைவாகக் கிடைக்கிறது. இங்கிலாந்து ஒரு எச்சரிக்கை. பெர்னார்ட் கிரிக் தலைமையிலான குழுவின் 1998 அறிக்கையைத் தொடர்ந்து 2002இல் அங்கே குடிமைக் கல்வி இடைநிலைப் பள்ளிகளில் கட்டாயமானது. பிறகு தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றத் தேவையில்லாத 'அகாடமி' பள்ளிகள் பெருகின. பாடம் சட்டத்தில் இருந்தாலும் பல பள்ளிகளின் கால அட்டவணையில் சுருங்கிப்போனது.

பள்ளி முடித்த பெரியவர்களுக்கு?

டென்மார்க்கில் 1844இல் ரோடிங் என்ற ஊரில் முதல் மக்கள் உயர்பள்ளி திறந்தது. குருண்ட்விக் என்ற பாதிரியாரின் எண்ணம் அது: விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் தங்கிப் படித்து, நாட்டு விவகாரங்களைப் பேசத் தெரிந்தவர்களாக வேண்டும். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது, இன்றும் அப்படித்தான். அயர்லாந்தில் 2016இல் குலுக்கல் முறையில் 99 குடிமக்களைத் தேர்ந்தெடுத்து, கருக்கலைப்புத் தடை குறித்து வார இறுதிகளில் கூடி மருத்துவர், சட்ட அறிஞர், இரு தரப்பு இயக்கத்தினர் சொல்வதைக் கேட்டு ஆராயவைத்தார்கள். தடையை நீக்கலாம் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். 2018 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அதை ஆதரித்தனர்.

எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. இதில் எனக்கென்ன வேலை?

நிறைய இருக்கிறது. ஜெர்மனியில் கோடை விடுமுறை முடிந்து சில வாரங்களில் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வரும். மாலை ஏழு மணிக்கு, குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். ஆசிரியர் பாடத்திட்டம், சுற்றுலாச் செலவு எல்லாம் சொல்லி முடித்ததும் பெற்றோர் பிரதிநிதியையும் துணைப் பிரதிநிதியையும் தேர்ந்தெடுக்கச் சொல்வார். அப்போது நம்மவர்கள் பலர் தலையைக் குனிந்துகொள்வோம், "எனக்கு மொழி வராது" என்று. குனிய வேண்டாம். இங்கே வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை. பிள்ளையின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருந்தால் போதும். போட்டியும் போடலாம். இந்தப் பிரதிநிதிகளிலிருந்துதான் பள்ளி அளவிலான பெற்றோர் குழு உருவாகிறது. பள்ளியின் முக்கிய முடிவுகளை எடுக்கும் பள்ளி மாநாட்டில் அவர்களுக்கு இடம் உண்டு. நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில், இடைநிலை, மேல்நிலைப் பிரிவுகள் இரண்டும் உள்ள பள்ளியில் அந்த மாநாட்டில் ஆசிரியர், பெற்றோர், மாணவர் மூவருக்கும் சமமான இடங்கள்.

நார்வேயில் மூன்றாண்டுகள் தொடர்ந்து வசித்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் குடியுரிமை உள்ளவர், ஒன்றியத்தின் வேறு நாட்டில் வசித்தால் அங்கே உள்ளாட்சி, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். பிரான்சில் குடியுரிமை வாங்கி ஜெர்மனிக்கு வந்த நம்மவர் எத்தனையோ பேர். இது தெரியாமல் தேர்தலன்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

குடியுரிமைத் தேர்வுக்கு வரும் கேள்விகள்கூட இந்தக் கல்விதானா?

ஓரளவு. ஜெர்மனியில் 310 கேள்விகள் கொண்ட தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. தேர்வில் 33 வரும், 17 சரியாக இருந்தால் குடியுரிமைக்குப் போதும். இரவெல்லாம் விழித்து விடையை உருப்போட்டுத் தேறிவிடலாம். அதற்கு முந்தைய 100 மணி நேர அறிமுக வகுப்பில்தான் கேள்வி கேட்கவும் வாதாடவும் வாய்ப்பு இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், நான் ஆசையோடு எதிர்பார்ப்பதும் அதைத்தான். நம் தமிழ்ப் பள்ளிகளில் ஆண்டு விழாவில் என்ன நாடகம், யார் பேசுவது, என்ன சாப்பாடு என்பதெல்லாம் நிர்வாகக் குழுவின் முடிவு. பிள்ளைகள் ஆட அழைக்கப்படுகிறார்கள், முடிவெடுக்க அழைக்கப்படுவதில்லை. போர்ச்சுகல் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தலைக்கு ஒரு யூரோ ஒதுக்குங்கள். யோசனைகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று. இரண்டு வாரம் பிரசாரம், பிறகு மறைவான வாக்கெடுப்பு. எண்ணும்போது பெற்றோர் இருவர் பார்வையாளராக நிற்கட்டும். வென்ற யோசனை நூலகத்துக்குக் கிரிக்கெட் இதழ் வாங்குவதாக இருந்தாலும் அடுத்த வாரமே வாங்கிக்கொடுங்கள். குழு கூடி "இதைவிட நல்லது" என்று வேறொன்றை வாங்க வேண்டாம்.